உதவிப் பட்டியலில் ஒரு வரி

“தப்பு நம்மளோடதுன்னு எழுதிக் குடுங்க சார். லெட்டர்ஹெட்ல, உங்க கையெழுத்தோட.”

குருவிளா சார் வாய்க்குக் கொண்டுபோன பழம்பொரியைத் திரும்பத் தட்டில் வைத்தார். எண்ணெய் பட்ட விரலைப் பழைய செய்தித்தாளில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. மணி பன்னிரண்டே கால். ஆலப்புழைப் படகுத்துறைக்குப் பின்னால் சார் நடத்தும் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் மொத்தம் பதினோரு பேர். அந்த நேரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். மற்ற ஏழு பேரின் விசைப்பலகைகளும் ஒரே சமயத்தில் நின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஜின்சி சேச்சி எனக்குச் சொல்லியிருந்தாள். “சாயா கேளு, லீவு கேளு, சண்டைகூடப் போடு. சார் தங்கமான மனுஷன். ஆனா தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்கன்னு மட்டும் என்னைக்கும் கேட்டுடாத. அது ஒண்ணு மட்டும் அவருக்கு ஆகாது.” அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒன்றைக் கேட்க எனக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

“உள்ள வந்து பேசலாமா ஷிஜி?” என்றார் சார்.

“இங்கயே பேசலாம் சார். எனக்குப் பன்னெண்டே முக்காலுக்குப் படகு.”

மூன்று மணிக்கு எங்கள் ஊர்க் கிருஷி பவனில், அதாவது வேளாண் அலுவலகத்தில், விசாரணை. வேளாண் அதிகாரி, பாடசேகரம் என்கிற எங்கள் கூட்டு வயலின் கமிட்டிக்காரர்கள், போலீஸ் ஒருவர். அவர்கள் முன்னால் என் அச்சன் கமலாசனன், கோலடிச்சிறை வடக்குப் பாடசேகரத்தில் இருபத்தொரு வருஷம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டியவர், ஒரு தாளில் கையெழுத்துப் போடப்போகிறார். ‘எனக்குக் கொடுக்கப்பட்ட கையேட்டை நான் படிக்கவில்லை’ என்று அந்தத் தாளில் இருக்கும். போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. வேலை போகும், கேஸ் வரும். அதைவிட, நெல் மூழ்கிப்போன நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்கள் சாகிற வரைக்கும் அச்சனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் அதைப் போடுவதற்காகக் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா போனில் சொன்னாள். மோட்டார் அறைச் சாவியையும், நெல்லுக்கு அடிக்கிற மருந்து டப்பாவையும் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருப்பதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.

போன புதன்கிழமை விடியும்போது எங்கள் பாடசேகரத்தில் மட விழுந்தது. வடமூலையில் ஆறு கரையை உடைத்து உள்ளே இறங்கியது. எங்கள் நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்தது; ஆறு வெளியே, நெல் உள்ளே, நடுவில் சேற்றுக் கரை. உடைந்தால் நிறுத்த யாராலும் முடியாது. இன்னும் பன்னிரண்டு நாளில் அறுக்க வேண்டிய கதிர். காலை ஏழு மணிக்கு அதன்மேல் படகு போயிற்று.

முன்பெல்லாம் அச்சன் தினம் இரண்டு முறை சின்ன வள்ளத்தில் வடமூலைக்குப் போய், அங்கே நட்டிருக்கிற அளவுகோலைப் பார்த்து வருவார். நாலு மாதத்துக்கு முன் நாங்கள் மோட்டார் அறையில் ஒரு பெட்டியை வைத்தோம். லினக்ஸ் ஓடுகிற சின்னக் கணினிப் பெட்டி, ஒரு திரை, கரையின் ஐந்து இடங்களில் சென்சார். திரையில் ஐந்து எண்கள், ஐந்து இடத்துத் தண்ணீர் மட்டம். எதுவாவது இரண்டைத் தாண்டினால் ஊரைக் கூப்பிட்டுக் கரையில் மண் போட வேண்டும். கமிட்டிக்காரர்கள் வள்ளத்தை விற்றுவிட்டார்கள். “இனிமே எதுக்குடா துழாவிக்கிட்டுப் போற கமலா, உக்காந்த எடத்துல பாரு” என்றார்களாம்.

பெட்டியில் ஒரு சங்கதி உண்டு. கரண்ட் போய் வந்தால், சென்சார் மறுபடி பேசும்வரை, போவதற்கு முன்னால் இருந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரப் படம் மட்டும் வரும். அப்படி வந்தால் அந்த எண் பழையது, நம்பாதே, கீழே இருக்கிற பச்சைப் பொத்தானை அழுத்தி மறுபடி கேள். இது கையேட்டின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும், எழுதியது நான்.

மூன்று மாதம் எழுதினேன். என்னோடு இருந்தவர்கள் கையேடு என்றாலே ஆங்கிலத்தில் நாலு பக்கம் தட்டிவிட்டுப் போகிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவரை எதிரே உட்காரவைத்து எழுதுகிற மாதிரி மலையாளத்தில் எழுதினேன். ‘கரண்ட் வந்ததும் தண்ணீரிடம் மறுபடி கேட்கவும்’ என்றுதான் பதினோராம் பக்கத்தின் தலைப்பு. எந்தப் பொத்தான் என்று விரல் வைத்துப் படம் எடுத்தேன். படத்தில் இருந்த விரல்கூட அச்சனுடையது, நகத்தில் கிரீஸோடு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பொறியியல் கல்லூரியில் எனக்குக் கொடுத்த எந்தப் புத்தகமும் என்னை மாதிரி ஆளை மனதில் வைத்து எழுதப்படவில்லை. அந்த ஆத்திரத்தில் எழுதிய கையேடு அது.

எழுதியதைப் பேக்கேஜில், அதாவது பெட்டிகளுக்கு அனுப்புகிற மென்பொருள் மூட்டையில், சேர்ப்பதும் என் வேலைதான். அதில் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, கையேட்டின் கோப்புகளைப் பெட்டிக்குள் அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைப்பது. இன்னொன்று, இப்படி ஒரு கையேடு இருக்கிறது என்று பதிவு செய்வது: தலைப்பு இது, எழுதியவர் இவர், விஷயம் இது, கோப்பு இன்ன இடத்தில். பதிவு இருந்தால்தான் திரையில் ‘உதவி’யை அழுத்தும்போது வரும் பட்டியலில் அதன் பெயர் தெரியும். வைப்பது வேறு, பதிவது வேறு. இரண்டையும் சரியாகச் செய்து முடித்த அன்று சார் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். “படம் நிறைய இருக்கே ஷிஜி, கனமாயிடுச்சு. கிராமத்துல சிம் கார்டு வேகத்துக்கு ஏறாது. கையேட்டைத் தனிப் பேக்கேஜா பிரிச்சிடு” என்றார். பிரித்தேன். இருபது நிமிஷ வேலை.

ஒரு பேக்கேஜ் இன்னொன்றைப் பற்றி மூன்று விதமாகச் சொல்லலாம். இது இல்லாமல் நடக்காது. இருந்தால் நல்லது. வேண்டுமானால் போட்டுக்கொள். முதல் இரண்டு என்றால் பெட்டி தானாகவே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது என்றால் யாராவது கேட்டால்தான் வரும். கனத்தைக் குறைக்கத்தானே பிரிக்கிறோம் என்று நான் மூன்றாவதை எழுதினேன். கோப்புகளைப் புதுப் பேக்கேஜுக்கு நகர்த்தினேன். பதிவை நகர்த்த மறந்தேன். அது பழையதிலேயே தங்கிவிட்டது. என் கணினியில் சோதித்தேன், கையேடு அழகாகத் திறந்தது. என் கணினியில் இரண்டு பேக்கேஜும் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்குப் பழையது ஒன்றுதான் போனது.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. தன் மேசையில் எல்லாம் இருக்கிறவனுக்கு அடுத்தவன் மேசையில் என்ன இல்லை என்பது தெரிவதில்லை.

மட விழுந்த மறுநாள் அச்சனைப் போனில் கூப்பிட்டேன். நலமா என்று கேட்கவில்லை. கடிகாரம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். “அப்புறம் ஏன் பச்சையை அழுத்தல? கையேட்டுல போட்டிருக்கேனே. பதினோராம் பக்கம். உங்க விரலையே படம் புடிச்சுப் போட்டிருக்கேனே. படிச்சீங்களா இல்லையா?”

தவளைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“படிக்கல மோளே.”

“நாலு மாசமா ஒரு பதினோரு பக்கம் படிக்க முடியலயா? உங்களுக்காகத்தானே எழுதினேன்! ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு என்னத்த எழுதி என்ன பிரயோஜனம்?”

ஒங்கள மாதிரி ஆளுங்க. நான் சொன்னேன். கல்லூரி விடுதியில் என்னைப் பார்த்து ஒருத்தி சொன்னபோது அவள் வாளியை மாடியிலிருந்து கீழே எறிந்தேன். அதே வார்த்தையை என் வாயால் என் அச்சனுக்குச் சொன்னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, சார் சொல்லச் சொல்ல, கிருஷி பவனுக்குப் போகிற கடிதத்தை நானே மலையாளத்தில் தட்டினேன். ‘கையேடு எல்லாப் பெட்டிகளிலும் முறைப்படி பதிவு செய்யப்பட்டு நிறுவப்பட்டுள்ளது. இயக்குபவர் அதைப் படிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம்.’ கோபத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வீட்டு வாசல் தென்னையில் யாரோ ஒரு கை சேற்றை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது, அம்மா அதைச் சுரண்டவில்லை. அச்சன் பேசாமல் பக்கத்து வீட்டு வள்ளத்தில் என்னை மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு படி வரை தண்ணீர் நின்றது. கரண்டை வாரியம் நிறுத்தியிருந்தது. வள்ளத்து எஞ்சின் பாட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குக் கொடுத்தேன். திரை வந்தது. ‘உதவி’யை அழுத்தினேன். பட்டியல் வந்தது. ‘மோட்டார் அறைக் கையேடு. எழுதியவர்: ஷிஜிமோள் கமலாசனன்.’ அதன்மேல் அழுத்தினேன்.

வெள்ளைப் பக்கம். ஒரு எழுத்து இல்லை.

“இதான் வரும்,” என்றார் அச்சன் பின்னாலிருந்து.

“எப்பலேருந்து?”

“மொத நாள்லேருந்து.”

அவர் பக்கம் திரும்பினேன். “ஏன் சொல்லல?”

அவர் வாசல் கட்டையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். “நாந்தான் எங்கயோ தப்பா அழுத்துறேன்னு நெனச்சேன். வர்றவன் போறவன் எல்லாருக்கும் உம்பேரக் காட்டியாச்சு. கமிட்டி பிரசிடென்ட் வந்தாலும் காட்டுவேன், மீன்காரி வந்தாலும் காட்டுவேன். ‘இந்தா பாரு, எம்பொண்ணு எழுதினது, எம்பேரும் சேந்து வருது.’ அதுக்கப்புறம் எனக்குத் தொறக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“ஆபீஸ் நேரத்துல பொத்தானப் பத்திக் கேட்டு போன் பண்ணாதீங்க, எல்லாம் புஸ்தகத்துல இருக்குன்னு சொன்னியே.”

சொல்லியிருந்தேன். சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய உதவி எண்ணும் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில்.

பெட்டி நடந்ததை எல்லாம் எழுதிவைக்கும். அதைத் திறந்து பார்த்தேன். கோப்பு இல்லை, கோப்பு இல்லை, கோப்பு இல்லை. பெட்டி வந்த மறுநாள் காலை மூன்று தடவை. அதற்கடுத்த வாரம் இரண்டு. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு போன செவ்வாய்க்கிழமை, கரண்ட் வந்து எட்டு நிமிஷம் கழித்து ஒன்று. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐந்து. கடைசி இரண்டுக்கும் நடுவில் நான்கு வினாடிதான் இடைவெளி. கடிகாரப் படத்தைப் பார்த்து இது என்ன என்று அவர் ஆறு தடவை கேட்டிருக்கிறார். ஆறு தடவையும் நான் வெள்ளைப் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். வடமூலை எண் ஒன்று புள்ளி இரண்டிலேயே நின்றது. மறுநாள் விடியலில் கரை போயிற்று.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். நான் நகர்த்தியது, மறந்தது, எல்லாம். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். “அப்போ அது உன் தப்புன்னு தெரிஞ்சா உன் வேல போயிடுமா?”

“போகலாம்.”

“அப்போ தெரிய வேண்டாம்,” என்றார். பாட்டரியைக் கழற்றி வள்ளத்தில் வைத்துவிட்டுத் துழாவ ஆரம்பித்தார். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும், “அத விடு” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கரைக்கு வரும்போது பார்த்தேன், தோளில் இருந்த பாரம் பாதி இறங்கின மாதிரி இருந்தார். தான் தப்பாக அழுத்தவில்லை என்று தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நேற்று திங்கட்கிழமை, அலுவலகத்தில் சாரிடம் தனியாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார், தலையசைத்தார், “பார்த்துக்கலாம்” என்றார். பார்த்துக்கொண்டார். இன்று காலை வந்து எல்லாப் பெட்டிகளிலும் கையேடு இருக்கிறதா என்று ஒரு கட்டளை போட்டுப் பார்த்தேன். இருநூற்றுப் பதினோரு பெட்டிகளில் இருந்தது. அச்சனுடைய பெட்டிக்குக் கரண்ட் இல்லாததால் அது மட்டும் பதில் சொல்லவில்லை.

“லெட்டர்ல என்ன தப்பு இருக்கு சொல்லு,” என்றார் குருவிளா சார் இப்போது. குரல் ஏறவில்லை, அவருக்கு ஏறாது. “பதிவு செய்யப்பட்டதுன்னு எழுதினோம். செஞ்சிருக்கு. நிறுவப்பட்டதுன்னு எழுதினோம்.”

“செய்யல.”

“இப்ப செஞ்சிருக்கே.”

“நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு சார். பெட்டி அதையும் எழுதி வச்சிருக்கு. மட விழுந்து அஞ்சு நாள் கழிச்சுக் கையேடு ஏறியிருக்குன்னு எரநூத்திப் பதினோரு பெட்டி சாட்சி சொல்லும்.”

சார் ஜின்சி சேச்சியைப் பார்த்தார். சேச்சி தன் திரையைப் பார்த்தாள். அவள் கழுத்து சிவந்தது. நேற்று கையேட்டை எல்லாப் பெட்டிகளுக்கும் ஏற்றியது அவள்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“யாரு அதையெல்லாம் படிக்கப்போறா ஷிஜி?”

“அதான் சார். யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே நாம எல்லாத்தையும் தொறந்து வச்சிருக்கோம்.”

இது அவருக்குச் சுட்டிருக்கும். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கட்டற்ற மென்பொருள் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது: ‘யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.’ அவரே இருபது வருஷத்துக்கு முன் சைக்கிளில் போய்ப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒட்டியது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நகரத்துப் பெரிய கம்பெனிகள் என் கல்லூரியின் பெயரைப் படித்ததுமே கோப்பை மூடியபோது, எனக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தவர் அவர்.

“ஒக்காரு,” என்றார். நான் உட்காரவில்லை. “நான் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? இருநூத்திப் பன்னெண்டு பாடசேகரமும் கையவிட்டுப் போகும். இங்க பதினோரு பேர் வீட்டுக்குப் போகணும். அப்புறம் பம்பாய்லேருந்து ஒருத்தன் பூட்டுப் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து வைப்பான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நீயும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது. அதுல மலையாளத்துல ஒரு வரி இருக்காது. உங்க அச்சனுக்கு அது பரவாயில்லையா?”

“எங்க அச்சனுக்கு மலையாளத்துல ஒரு வெள்ளைப் பக்கம்தான் சார் இருந்துச்சு.”

சார் எழுந்து என் மேசைக்கு வந்தார். திரையில் பேக்கேஜின் மாற்றக் குறிப்பு திறந்திருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது, மாற்றியது யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதி, அடியில் பெயர் போட்டாக வேண்டும். பெயர் இல்லாமல் பேக்கேஜ் எழும்பாது. சார் விரலால் காட்டினார். “இதைப் படி. சத்தமா படி.”

“கையேடு தனிப் பேக்கேஜாகப் பிரிக்கப்பட்டது. ஷிஜிமோள் கமலாசனன்.”

“என் பேரு எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார். பிரிக்கச் சொன்னது நீங்க. ஆனா தப்பாப் பிரிச்சது நாந்தான்.”

“அப்போ நான் லெட்டர் குடுத்தா அது யார் தலையில விடியும்?” அவர் குரல் நிஜமாகவே கனிந்தது. “உன்ன நான் காப்பாத்துறேன்மா. அது உனக்குப் புரியலயா? உங்க அச்சனுக்கு அம்பத்தெட்டு வயசு. உனக்கு இருபத்தஞ்சு. இது ஆறுமாசத்துல அடங்கிடும். அவருக்கு நான் வேற ஏதாவது பாக்கறேன், இங்கயே வாட்ச்மேனாக்கூட வரட்டும். அவர்கிட்டயே கேட்டுப் பாரேன். அவரும் இதைத்தான் சொல்லுவார்.”

அவர் சொன்னது உண்மை. அச்சனும் இதைத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் ஆற்றங்கரையில், ஒருவர் மின்விசிறிக்குக் கீழே. சேர்ந்து பேசிவைத்துக்கொண்ட மாதிரி இரண்டு ஆண்கள் ஒரே வழியில் என்னைக் காப்பாற்றுகிறார்கள். ஒருவர் தன்னைக் கொடுத்து, இன்னொருவர் அவரைக் கொடுத்து. நான் படித்ததற்கு விலை, அச்சன் படிக்காதவர் என்று ஊர் முன்னால் கையெழுத்துப் போடுவது. வாட்ச்மேன். நான் தினமும் காலையில் இந்த மாடி ஏறும்போது கீழே நாற்காலியில் அவர் எழுந்து நிற்பார்.

“எழுதித் தர மாட்டீங்க, அவ்வளவுதானே?”

“முடியாது ஷிஜி.”

“சரி.”

அச்சுப்பொறிக்குக் கட்டளை கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அச்சன் பெட்டியிலிருந்து எடுத்துவந்த கோப்புப் பட்டியல், மூன்று பக்கம். அதில் கையேடு இல்லை. ‘கோப்பு இல்லை’ என்ற பதினோரு வரிகள், நாளோடு, மணியோடு. இருநூற்றுப் பதினோரு பெட்டிகளில் நேற்று நாலு பத்துக்குக் கையேடு ஏறியதற்கான பட்டியல். கடைசியாக மாற்றக் குறிப்பு. அச்சுப்பொறி முக்கி முனகி, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது. தாள் இல்லை.

அலமாரிச் சாவி சாரிடம் இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை, தரவுமில்லை.

ஜின்சி சேச்சி எழுந்தாள். அவள் பையன்களின் பள்ளிப் பிராஜெக்டுக்கு என்று மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு கட்டுத் தாள் வைத்திருப்பாள். அதைக் கிழித்து, ஒரு கை அள்ளி, தட்டில் சொருகினாள். “கிறுக்கச்சி,” என்றாள் என்னைப் பார்க்காமல். “உனக்கு அடுத்த வேலை எவன்டீ குடுப்பான்? கூகிள்ல உம்பேரைப் போட்டா இதுதான் மொதல்ல வரும், தெரியுமில்ல?”

“வரட்டும் சேச்சி.”

“நேத்து போடச் சொன்னப்போ எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும்.” அச்சுப்பொறி ஓட ஆரம்பித்த சத்தத்தில் பாதிதான் கேட்டது. “கேக்கல.”

தாள்கள் சூடாக வந்தன. கடைசித் தாளில், என் கையால் தட்டிய அந்த வரிக்கு அடியில், என் பெயரும் அச்சன் பெயரும் ஒட்டி நின்றன. கல்லூரியில் சேரும்போது குமாஸ்தா கேட்டார், இனிஷியல் போதுமா, முழுப்பேர் வேணுமா என்று. முழுப்பேர் என்றேன். அன்றிலிருந்து எங்கே எழுதினாலும் அப்படித்தான்.

போன் அதிர்ந்தது. அச்சன். அவருக்குத் தெரியும், நான் எதையாவது செய்வேன் என்று. வெள்ளைச் சட்டையில், வாசலில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பார். ‘அத விடு மோளே’ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். காலையில் கட்டிய கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் அப்படியே இருந்தன. சேச்சியின் மேசையில் அதை வைத்துவிட்டு, சோறு கட்டிவந்த பிளாஸ்டிக் பையை உதறித் துடைத்து, தாள்களை மடிக்காமல் அதற்குள் வைத்து முடிந்தேன். லேசாக மீன் வாசம் அடித்தது. அடிக்கட்டும். அந்த அறையில் உட்காரப்போகிற எல்லாருக்கும் பழகிய வாசம்தான்.

“போனா திரும்ப வர முடியாது ஷிஜி,” என்றார் குருவிளா சார். மிரட்டலாக இல்லை. அவருக்கே அது வருத்தமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கழுத்து அட்டையைக் கழற்றித் தட்டில், அவர் கடிக்காத பழம்பொரிக்குப் பக்கத்தில் வைத்தேன். மழைக்காலத்தில் ஊதிப்போகிற எங்கள் அலுவலகக் கதவை இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கும். பையைப் பல்லில் கவ்விக்கொண்டு இழுத்தேன். திறந்தது. திரும்பச் சாத்தவில்லை. படியில் இறங்கும்போது துறையில் பன்னிரண்டே முக்கால் படகு முதல் மணி அடித்தது. கால்வாயில் கடலேற்றம் தொடங்கியிருந்தது. ஆகாயத்தாமரைகள் கூட்டமாக, போகவேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு, கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.